குழித்தறிக்கு எப்போது திரும்பலாம்?

வீடு வந்த மறுநாள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளி ஒருவர். பெயர் வேண்டாம், அந்தத் தெருக்களில் அவரைப் போன்றவர்கள் பலர். பிள்ளைப்பேறுகளுக்குப் பிறகு தும்மினாலும் குடம் தூக்கினாலும் சிறுநீர் கசிந்தது. வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சென்னையில் ஸ்லிங் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. சிறுநீர்க்குழாயின் அடியில் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் வலைப்பட்டியை வைத்துத் தாங்கும் இந்த முறையை ஸ்வீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டெனும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்டார்கள். அறுவை சீக்கிரம் முடிந்துவிடும். கவனம் தேவைப்படுவது அடுத்த ஆறு வாரங்களுக்கு.

மூன்றாம் நாள்

பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு எழுதுகிறார்: குடித்தது எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது, அளவுக் குவளையில் எத்தனை மில்லி, கசிந்ததா, முக்கிப் போகவேண்டியிருந்ததா. நேரில் டாக்டர் கேட்டால், “பரவாயில்லைங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நோட்டு அப்படி மழுப்பாது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்டருக்கு வேண்டிய விவரத்தில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஏழாம் நாள்

இன்று வீடியோ அழைப்பு. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள் இதற்கு இடம் தருகின்றன. நேரில் பார்த்த அதே மருத்துவரை, அதே நோய்க்காக, ஆறு மாதத்துக்குள் அழைத்தால் அது தொடர் ஆலோசனை.

சிக்கல் வேறு இடத்தில். போன் மகனுடையது. தறி கூடத்தில் இருக்கிறது. கரையைத் தனி நூலில் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலை என்பதால் பக்கத்தில் துணைக்கு இன்னொருவர். கசிவைப் பற்றி எந்த மூலையில் நின்று பேசுவது? சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுகிறார். அழைப்பு நேரத்தை மருத்துவமனை தன் வசதிக்குக் குறிக்கும்வரை, பெண்கள் பாதியைத்தான் சொல்வார்கள்.

பத்தாம் நாள்

போனில் தீராதவை உண்டு. சிறுநீர் வராமல் அடிவயிறு கனத்தால், காய்ச்சலோடு எரிச்சல் வந்தால், ரத்தப்போக்கு அதிகமானால், துர்நாற்றத்தோடு வெள்ளை பட்டால் உடனே நேரில் போகவேண்டும். வலைப்பட்டி வெளியே தெரிகிறதா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். வலைப்பட்டிகளால் வந்த சிக்கல்கள் காரணமாக 2018 ஜூலையில் இங்கிலாந்து இந்த அறுவையையே நிறுத்திவைத்தது. ஆகவே தொலைமருத்துவத்தை நேர்ப் பரிசோதனைக்கு மாற்றாக விற்பவர்களை நம்பக்கூடாது. எப்போது நேரில் போகவேண்டும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அதன் முதல் வேலை.

நான்காம் வாரம்

வைகாசி. வரதராஜர் கருட சேவைக்குப் போக ஆசை. அதே கோயிலில் 2019-இல் அத்திவரதர் 48 நாள் காட்சி தந்தபோது வரிசைகள் மணிக்கணக்கில் நீண்டன. கசிவு உள்ள பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நிற்பதும், போகாமலே இருந்துவிடுவதும் இப்படிப்பட்ட நாட்களில்தான். டாக்டர் இம்முறை போய்வரச் சொல்கிறார். கூட்டத்தில் பிள்ளையைத் தூக்கவேண்டாம் என்கிறார்.

ஆறாம் வாரம்

“பாரம் தூக்காதீங்க, வீட்டு வேலை மெதுவா ஆரம்பிங்க” என்று டாக்டர் சொல்ல, இவர் போனைத் தறிப்பக்கம் திருப்புகிறார். இடுப்பளவுக் குழி, உள்ளே மிதிபலகைகள், கையை ஊன்றி உடலைத் தூக்கித்தான் வெளியே ஏறவேண்டும். டாக்டர் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஏறி இறங்கப் படி வைக்கச் சொல்கிறார். முதலில் ஊடைநூலைத் தாரில் சுற்றட்டும், தறி பிறகு என்கிறார். ஆலோசனை அறையில் இந்தக் குழி அவர் கண்ணில் பட்டிருக்காது. இந்த ஒரு காட்சிக்காகவே வீடியோ அழைப்பு வேண்டும்.

2020 ஏப்ரலில் தொடங்கிய, மத்திய அரசின் இ-சஞ்சீவனி ஓபிடி தொலைமருத்துவச் சேவையில் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கலாம், கட்டணமில்லை. ஆனால் அங்கே கிடைப்பவர் அன்று பணியிலிருப்பவர். அறுவை செய்தவர் அல்ல. டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அறுவைப் பிரிவின் எண்ணும், நோயாளி சொல்லும் நேரமும் எழுதப்பட்டால், பேருந்துச் செலவுக்கும் ஒருநாள் கூலிக்கும் பயந்து பரிசோதனையைத் தவறவிடும் பெண்கள் குறைவார்கள்.