ஜம்பர்

உத்திரமேரூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் கண்காட்சிக்கு முந்தைய நாள் போர்டை எரித்தவன் நான். திட்டு வாங்கியவன் ஒன்பதாம் வகுப்புப் பையன்.

எங்கள் மாதிரியில் ஏரித் தண்ணீர் மட்டம் ஏறினால் மதகு ஷட்டரை மோட்டார் தானாகத் தூக்க வேண்டும். கட்டளை ஆர்டுயினோவிலிருந்து வரும். மோட்டாரை ஓட்டுவது எல்298என் போர்டு. அதில் ஒரு சின்ன ஜம்பர் உண்டு. அது மாட்டியிருந்தால் போர்டிலுள்ள 78எம்05 ரெகுலேட்டர் மோட்டார் சப்ளையிலிருந்தே 5 வோல்ட் தயாரித்துக்கொள்ளும், ஆர்டுயினோவுக்கும் தரும். சப்ளை 12 வோல்ட்டைத் தாண்டினால் ஜம்பரைக் கழற்றிவிட்டு, 5 வோல்ட்டை நாம்தான் தனியாகக் கொடுக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதே நான்தான்.

மோட்டாரோ 24 வோல்ட் ரகம். 12 வோல்ட்டில் திக்கித் திணறியது. போதாக்குறைக்கு எல்298என் 1 ஆம்பியருக்கே ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்றுவிடும். அவசரத்தில், மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் கொடுத்தேன். ஜம்பர் மாட்டியபடியே இருந்தது. மிச்சம் 19 வோல்ட்டை ரெகுலேட்டர் சூடாகத்தான் கழிக்க முடியும். 100 மில்லி ஆம்பியர் ஓடினாலே 2 வாட்டுக்குப் பக்கம். கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு உள்ளே ஷார்ட் ஆகி, 24 வோல்ட் நேரே ஆர்டுயினோவுக்குள் பாய்ந்தது. யூ.எஸ்.பி. கேபிள் மாட்டியிருந்தால் லேப்டாப்பும் போயிருக்கலாம்.

வாடை பிடித்துத் தலைமையாசிரியர் வந்தார். "பிளஸ் மைனஸ மாத்திக் குடுத்துட்டான் சார், சொன்னா கேக்கறதில்ல" என்றேன். சொல்லும்போதே என் கண் ஜம்பர் மேல்தான் இருந்தது. "நான் வயரே தொடல சார்" என்றான் பையன். மறுபடி சொல்லவில்லை.

வெளியூர்க்காரர் யார் வந்தாலும் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போவேன். 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகளைக் காட்டி, கணக்குக் காட்டாதவனுக்குக் குடவோலைத் தேர்தலில் இடமில்லை என்று பெருமையடிப்பேன். அந்த வாய்தான் இது.

மறுநாள் வேறு போர்டு, வேறு ஆர்டுயினோ. ஜம்பரைக் கழற்றினேன். 5 வோல்ட்டுக்குத் தனி சப்ளை, கிரவுண்டுகள் ஒன்றாக, பேட்டரி பிளஸ்ஸில் ஃபியூஸ். ஷட்டர் அழகாக ஏறியது, கைதட்டல் வந்தது. அந்தப் பையனை வயர் பக்கம் விட வேண்டாம் என்று தலைமையாசிரியர் காலையிலேயே சொல்லியிருந்தார். "சரிங்க சார்" என்றிருந்தேன்.