அறிக்கையின் அறிவிப்பாளர் யார்?



மத்ரஸாவில் ஹதீஸ் கலையைக் கற்பிக்கும்போது, நிலை அறியப்படாத அறிவிப்பாளரை ‘மஜ்ஹூல்’ என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அவர் வழியாக வரும் செய்தி எவ்வளவு இனிமையாக இருப்பினும் அதை ஆதாரமாகக் கொள்வதில்லை. அந்தப் பாடத்தை எங்கள் உம்மாவின் நோயில் நாங்களே மறந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு உம்மாவின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. அறுவை மருத்துவர் ஊசியால் சிறிது சதை எடுத்து, ஃபார்மலின் நிரப்பிய குப்பியில் இட்டு, பரிசோதனைக்குக் கொடுக்கும்படி எங்கள் கையில் தந்தார். அருகிலிருந்த கூடத்திற்கு எடுத்துச் சென்றோம். அரசுக் காப்பீட்டு அட்டையை நீட்டினோம். அங்கே அது செல்லாது என்றார்கள். பணம் கட்டினோம். சில நாட்களில் அறிக்கை வந்தது. புற்றுநோய் இல்லை என்றிருந்தது. வீட்டில் அனைவரும் ஸஜ்தா ஷுக்ர் செய்தோம்.

மருத்துவரின் முகமோ மலரவில்லை. கட்டியின் தன்மையும் மாமோகிராம் படமும் இந்த அறிக்கையோடு பொருந்தவில்லை என்றார். “இதில் கையொப்பமிட்டவர் யார்?” என்று கேட்டார். ஒரு கிறுக்கல் மட்டுமே இருந்தது. பெயரில்லை, பட்டமில்லை, பதிவு எண்ணுமில்லை. நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

அன்றுதான் சிலவற்றைக் கற்றோம். சதையைப் பதப்படுத்திக் கண்ணாடித் தகடாக ஆக்குபவர் டெக்னீஷியன். அதை நுண்ணோக்கியில் பார்த்து நோயைத் தீர்மானிக்க வேண்டியவர் பெத்தாலஜி மருத்துவர்; எம்.பி.பி.எஸ். முடித்தபின் அத்துறையில் எம்.டி. போன்ற மேற்படிப்புப் படித்தவர். அவருடைய பெயரையும் எண்ணையும் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் இணையம் வழியாகவே சரிபார்க்கலாம். கூடத்திற்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்று கேட்பது மட்டும் போதாது. அது குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கே வழங்கப்படுவதால், திசுப் பரிசோதனை அதில் அடங்குமா என்றும் கேட்க வேண்டும்.

மறுபடியும் ஊசி குத்தவும் தேவைப்படவில்லை. சதையைப் பதித்த மெழுகுக் கட்டியையும் தகடுகளையும் கூடத்திலிருந்து கேட்டுப் பெற்று, அரசு மருத்துவக் கல்லூரியில் கொடுத்தோம். அங்கே பெயரும் பதிவு எண்ணும் தெளிவாக எழுதப்பட்ட அறிக்கை கிடைத்தது. புற்றுநோய், ஆரம்ப நிலை என்றிருந்தது.

காப்பீட்டையும் அப்போதுதான் முறையாக விசாரித்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில், பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கும் பரிசோதனைகளுக்கும் மட்டுமே அது பயன்படும். அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில், பரிசோதனைக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். நாங்களோ பணம் கட்டிய பிறகு கேட்டோம். அறுவை சிகிச்சை அந்த அட்டையிலேயே நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், உம்மா இன்று தஸ்பீஹோடு முற்றத்தில் அமர்ந்திருக்கிறார்.

சகோதர சகோதரிகளே, அந்த முதல் அறிக்கையை நாங்கள் நம்பியதன் காரணத்தைப் பலமுறை யோசித்தோம். அது நாங்கள் விரும்பிய செய்தியாக இருந்தது, அவ்வளவுதான். கெட்ட செய்தி வந்திருந்தால் அன்றே நான்கு பேரிடம் விசாரித்திருப்போம். நல்ல செய்திக்கும் அறிவிப்பாளர் யார் என்று கேட்பது அவநம்பிக்கை ஆகாது. உம்மாவின் உடல் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுவதில் அந்தக் கேள்வியும் சேரும்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.