பதினான்கு எம்எம் சாவி

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையடைந்தது. அதற்கு முன்பு சுங்கை பட்டாணியிலிருந்து அலோர்ஸ்டாருக்கோ பட்டர்வொர்த்துக்கோ பழைய சாலையில்தான் போவோம். டாக்சியில் நாலு பேர் சேர்ந்ததும் வண்டி கிளம்பும். அந்த டாக்சிகளில் பல, மெர்சிடிஸ் 200 டீசல். 1975இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஜெர்மனியில் செய்யப்பட்ட, டபிள்யூ 123 என்னும் வகை.

நண்பரின் அப்பா ஓட்டிய அப்படி ஒரு வண்டி இன்னும் சாலையில் இருக்கிறது. எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் பின்பக்கத்திலிருந்து ஒரு ஊளை வருகிறது என்றார் நண்பர். பீடோங்கில் வண்டி பழுதுபார்க்கும், தனக்குத் தெரிந்த போமேன் ஒருவரிடம் என்னையும் அழைத்துப் போனார்.

பட்டறை என்றால் தகரக்கூரை, சிமெண்டுக் குழி, ஒரு பழைய வெல்டிங் மிஷின், அவ்வளவுதான். போமேன் அண்ணன் முதலில் வண்டியைக் குரூண் வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். "எண்ணெய் சூடாகணும் தம்பி. அப்பத்தான் அடியில படிஞ்ச அழுக்கும் சேர்ந்து இறங்கும்." அதன்பின் குழியில் இறங்கி, வண்டியின் பின் அச்சில் தொங்கும் இரும்புக் குடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். டிப்ரன்ஷியல் அதற்குள்தான் இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும், உள்சக்கரத்துக்குக் குறைந்த தூரம் போதும். ஒரே எஞ்சினின் விசையை வாங்கி, இரண்டையும் தத்தம் வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரக் கூட்டம் அது.

மேலே எண்ணெய் ஊற்ற ஒரு மூடி, கீழே வடிக்க ஒரு மூடி. இரண்டிலும் 14 எம்எம் அறுகோணக் குழி. அவர் எடுத்த சாவியைப் பார்த்தபின் என் கவனம் வேறெதிலும் போகவில்லை. கடையில் வாங்கியதல்ல. டாட்சன் காரில் கழற்றிய 10 எம்எம் போல்ட்டின் தலை சரியாக 14. அதை அறுத்து, டிராக்டர் கம்பியின் முனையில் பற்றவைத்திருக்கிறார். நாற்பது ஆண்டு கைபட்டுக் கம்பி வழவழத்துவிட்டது.

அந்தச் சாவியைச் செய்தது எஸ்டேட் பட்டறையில். அண்ணனின் அப்பா அம்மா இருவரும் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள். பதினாறு வயதில் லேண்ட்ரோவருக்கும் டிராக்டருக்கும் கையாளாகச் சேர்ந்தார். பெரிய போமேன் எண்ணெயை விரல் நடுவே தேய்த்துப் பார்க்கப் பழக்கினாராம். ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது, பட்டறை மூடப்பட்டது. போகும்போது இவர் கேட்டு வாங்கியது இந்தச் சாவி ஒன்றைத்தான்.

மேல் மூடியைத் திறந்த பிறகுதான் கீழ் மூடியைத் தொட்டார். "முழுசும் வடிச்சிட்டு, ஊத்துற மூடி இறுகிக்கிட்டா வண்டி இங்கேயே நிக்கும் லா." எண்ணெய் கறுப்பாக இறங்கியது, கந்தக நெடியோடு. அந்த நெடிக்குக் காரணம் உண்டு. இங்கே பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தின் மையத்துக்குக் கீழே அமர்ந்திருக்கும். பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். கந்தகமும் பாஸ்பரசும் கலந்த ஜிஎல்-5 தர கியர் எண்ணெய்தான் இரும்பைக் காக்கும். விரல் நடுவே அவர் தேய்த்தபோது சாம்பல்நிறப் பொடி தெரிந்தது. அது இயல்பு, சில்லு வந்தால்தான் கவலை என்றார். பல்லிடைவெளி பற்றி நண்பருடன் நெடுநேரம் பேசினார். நான் அதில் கரைசேரவில்லை.

புதிய எண்ணெய் சுமார் ஒரு லிட்டர். மேல் ஓட்டை வழியே வழியத் தொடங்கும்வரை பம்பால் ஏற்றினார்.

பேச்சு பெசி பூரோக் எனப்படும் பழைய இரும்பு வியாபாரிகள் பக்கம் திரும்பியதும் அண்ணனின் குரல் மாறியது. டாக்சி ஓட்டியவர் இறந்த வீட்டுக்கு இவர்கள் வருவார்கள். பழைய இரும்பு என்று எடைவிலை கொடுத்துக் காரை இழுத்துப் போவார்கள். அதே காரின் டிப்ரன்ஷியல், கதவு, விளக்கெல்லாம் தனித்தனியாக, அபூர்வப் பொருள் விலையில் கோலாலம்பூர் ஆசைக்காரர்களுக்குப் போகும். விதவைக்கு அதில் ஒரு காசு வராது. இந்தக் கெடா மாநிலத் தமிழருக்கு இது புதிதல்ல. வெள்ளைக்காரன் விற்ற தோட்டங்களை ஐம்பதுகளில் தரகுக் கூட்டங்கள் வாங்கித் துண்டாடி விற்றபோது, தொழிலாளிதான் தெருவில் நின்றான். அதைத் தடுக்கவே அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிய பால்வெட்டுத் தொழிலாளர்களின் பணத்தில் அது வாங்கிய முதல் தோட்டம் இதே கெடாவின் புக்கிட் சீடிம். அன்று நிலத்தைக் காக்க நம்மால் ஒன்றுகூட முடிந்தது. இன்று ஒரு காருக்கு நியாய விலை என்ன என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்லக்கூட யாரும் இல்லையென்றால், குற்றம் வியாபாரியிடம் மட்டும் இல்லை.

வடித்த எண்ணெயை அண்ணன் மூடியுள்ள டிரம்மில் ஊற்றினார். கழிவெண்ணெய் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலிட்ட கழிவு, கால்வாயில் விடக்கூடாது. பிறகு தானே ஓட்டிப் பார்த்தார். ஊளை தணிந்திருந்தது, போகவில்லை. தேய்ந்த பல்லை எண்ணெய் வளர்க்காது என்று நண்பரிடம் நேராகச் சொன்னார். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வண்டியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், வடித்துப் பார்ப்பார். சில்லு இருந்தால் குடத்தைப் பிரிப்பார். அதுவரை யார் பழைய டிப்ரன்ஷியல் விற்க வந்தாலும் வாங்கக்கூடாது.