படகு இழுக்க எந்த டிராக்டர்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், மீனவர் குப்பங்களின் மணல்மேட்டில் ஃபைபர் படகுகளுக்கு நடுவே துருவேறிய டிராக்டர் ஒன்று நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். வயலுக்கென்று செய்த வண்டி. இங்கே அதற்கு ஏரும் இல்லை, கலப்பையும் இல்லை. படகை இழுப்பதும் தள்ளுவதும்தான் வேலை. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலுள்ள ஒரு குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்தார் பழைய டிராக்டரைக் கழித்துவிட்டு வேறொன்று வாங்கப் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மீனவர்கள் எதையெல்லாம் பார்த்து டிராக்டர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அங்கே போனேன்.

கட்டுமரக் காலத்தில் இந்தத் தேவையே எழவில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தோளில் சுமந்து மேட்டில் காயப்போட்டுவிடுவார்கள். 1980-களுக்குப் பிறகு ஃபைபர் படகு பரவத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணமாகவும் ஏராளமான ஃபைபர் படகுகள் வந்தன. ஃபைபர் படகை அவிழ்த்துத் தூக்க முடியாது. 28, 30 அடி நீளப் படகு இன்ஜின், ஈர வலை, ஐஸ் பெட்டி, மீன் எல்லாம் சேர்ந்து ஒரு டன்னைத் தாண்டிவிடும். இந்தக் கரையில் ஜெட்டி கிடையாது. அலை உடையும் இடத்தைக் கடந்து வந்த படகைச் சட்டென்று மேலே ஏற்றாவிட்டால், அடுத்த அலை அதைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்துவிடும்.

நான் போன காலையில் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒரு படகு உடையும் அலைக்கு வெளியிலேயே காத்து நின்றது. பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓய்ந்த இடைவெளியில் இன்ஜினை முடுக்கி நேராக மணலில் ஏறி உட்கார்ந்தது. அதற்குள் டிரைவர் டிராக்டரை ரிவர்ஸில் ஈரமணலுக்கு இறக்கியிருந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒருவர் நைலான் கயிற்றைப் படகின் முன்முனையான அணியத்து வளையத்தில் மாட்டிக் கையை உயர்த்தினார். டிரைவர் லோ கியரில் கிளட்சை முழுதாக விட்டார். கயிறு மெல்ல விறைத்தது. படகு நகர, அதன் அடித்தண்டான ஏராவுக்கு அடியில் இரண்டு பேர் உருளைக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். வெறும் மணலில் இழுத்தால் ஃபைபர் தேய்ந்துவிடும் என்பதால், ஏராவுக்குக் கீழே கூடுதல் அடுக்கு பூசியும் வைத்திருக்கிறார்கள்.

வேடிக்கை பார்க்க நெருங்கிய சிறுவர்களை டிரைவர் அதட்டி விரட்டினார். “கயிறு அறுந்தா காலை வெட்டிட்டுப் போயிடும் சார். கயித்துக்குப் பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது.” கயிற்றை அவர் டிராக்டரின் பின்னால் மிகத் தாழ்வான கொக்கியில்தான் மாட்டுகிறார். உயரத்தில் மாட்டினால் படகின் பாரம் முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். வண்டியே பின்பக்கமாக மல்லாந்து டிரைவர் மேல் விழக்கூடும். கடலுக்கு அனுப்பும்போது முறை மாறுகிறது. அணியத்தைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்தி, டிராக்டரின் முன்பக்கத்தில் கட்டியிருக்கும் பழைய டயர்களால் படகின் பின்புறத்தை முட்டித் தள்ளுகிறார். இரண்டு வேலைக்கும் ஒரே சட்டம்: ரிம் நனையலாம், அச்சு நனையக் கூடாது.

வெயில் ஏறியதும் வலை பின்னும் கொட்டகையில் பேச்சு டிராக்டருக்கு வந்தது. பஞ்சாயத்துப் பெரியவர் ஒருவருக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டும். கடல் அரித்து அரித்துக் கரை செங்குத்தாகிவிட்டது, மேட்டில் மணலும் பொலபொலவென்று கிடக்கிறது, புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகையும் இன்னும் மேலே ஏற்ற வேண்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அண்ணே, முன் அச்சுலயும் கியர் இருந்தா முன்னாடியும் உப்புத்தண்ணி பூரும். சீல் ஒண்ணு போனாப் போதும். அதை நம்ம ஊருல யாரு பிரிச்சுக் கட்டுறது?”

எத்தனை எச்.பி. வேண்டும் என்று நான் கேட்டேன். “இழுக்கிறது இன்ஜின் இல்ல சார், டயரு” என்றார். ஒரு டன் படகை இழுக்க 40 எச்.பி.யே தாராளம். அந்த அளவு வண்டி ஏறக்குறைய இரண்டு டன் எடை இருக்கும். ஈரமணலில் அந்த எடைதான் பிடிமானம். மேட்டு மணலிலோ அதே எடை வண்டியைப் புதைக்கிறது. அதனால் அவர் அகலமான பின் டயர் கேட்கிறார். காற்றையும் குறைத்தே வைக்கிறார். வயலுக்கு ஆகாதென்று உழவர் கழற்றிப் போடும் பட்டன் தேய்ந்த டயர் இவருக்குப் பிடித்தமானது. புது டயரின் ஆழமான பட்டன் சேற்றைக் கவ்வும். உலர்ந்த மணலிலோ தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். சக்கரம் சுழன்றும் வண்டி நகராவிட்டால் அவர் ஆக்சிலேட்டரை மிதிப்பதில்லை. நிறுத்தி, பின்னால் எடுத்து, வேறு தடத்தில் முயல்கிறார்.

50 எச்.பி.க்கு மேல் போகக் கூடாது என்பதற்கு அவரிடம் இன்னொரு காரணமும் இருந்தது. 2023 ஜனவரி முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புகை விதிகள் கடுமையாகிவிட்டன. அந்த வகை இன்ஜின்களில் டீசல் செலுத்துவதையே மின்னணுக் கருவிகள் கட்டுப்படுத்துகின்றன. வயரும் சென்சாரும் கூடுமிடத்தில் உப்புக்காற்று முதலில் வேலையைக் காட்டும். சாதாரண பம்பு உள்ள வண்டியைத் திருப்போரூர் பக்கத்து மெக்கானிக்கே வந்து சரிசெய்துவிடுவார். பிரேக்கில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும் ஆயில் பிரேக்தான் வேண்டும். பழைய உலர் பிரேக்கில் உப்பும் மணலும் புகுந்து, சரிவில் இறங்கும்போது கைவிட்டுவிடும்.

கழிக்கப்போகும் வண்டியை அவர் எனக்குத் திறந்து காட்டினார். பின்புறம் கியர் பெட்டியின் அளவுக்கம்பியை உருவி விரலில் துடைத்தார். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டதற்கு அதுதான் அடையாளம். முன்சக்கரத்தின் ஹப்பில் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தினார். முதலில் சாம்பல் நிறத்தில் மணல் கலந்த பழைய கிரீஸ் பிதுங்கி வந்தது. சுத்தமான கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை விடாமல் அழுத்தினார். வயலில் ஓடும் வண்டிக்கு எப்போதாவது செய்வதை இங்கே தினமும் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு போர் தண்ணீரில் அடிப்பாகம் முழுக்கக் கழுவி, உலர்ந்ததும் பழைய இன்ஜின் ஆயிலைத் தூரிகையால் பூசுகிறார். ஸ்டார்ட்டர் மோட்டார் முதலில் சாகும் என்பதால், வண்டியை எப்போதும் மேட்டுச் சரிவில் நிறுத்துகிறார், உருட்டிவிட்டாலே கிளம்பிவிடும். இத்தனையும் எந்தக் கம்பெனிக் கையேடும் சொல்லித்தந்ததல்ல. உப்போடு மல்லுக்கட்டியே கற்றது.

இந்தக் குப்பத்தில் டிராக்டர் ஊருக்குப் பொது. ஒவ்வொரு படகும் இழுக்கிற நடைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. அதில்தான் டீசல், டிரைவர் கூலி, ரிப்பேர் எல்லாம். முன்பு படகை இழுக்கக் கைகொடுத்த வயதானவர்களுக்குக் கறிக்கு மீன் கிடைக்கும். டிராக்டர் வந்த பிறகு அந்த வழக்கம் தேய்ந்துவிட்டது. அப்படி இழுத்து வாழ்ந்த முதியவர் ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “மீனு போச்சுதான் தம்பி. ஆனா என் தோளைப் பாரு. என் பேரனுக்கு இந்தத் தோளு வேணாம்” என்று சட்டையை விலக்கிக் காட்டினார். இப்போதும் கட்டை போடுவதும் கயிறு மாட்டுவதும் மனிதர்தான். அவர்களுக்கும் நடைப்பணத்தில் ஒரு பங்கு ஒதுக்கலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒதுக்கத்தான் வேண்டும்.

பெரிய விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் உண்டு. இந்தச் சிறு படகுகள் அப்போதும் தொழிலுக்குப் போகின்றன. ஆகவே டிராக்டருக்கு ஓய்வுக்காலம் கிடையாது. இவ்வளவு உழைக்கிற வண்டியை ஊர் தன் சொந்தப் பணத்தில், பெரும்பாலும் இரண்டாம் கையாகத்தான் வாங்குகிறது. வேளாண் இயந்திர மானியம் கேட்டுப் போனால் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். கடலுக்குப் பட்டா கிடையாது. படகுக்கும் மோட்டாருக்கும் மீன்வளத் திட்டங்களில் மானியம் இருக்கும்போது, அந்தப் படகைக் கடலுக்கு இறக்கிக் கரையேற்றும் வண்டியும் மீன்பிடிச் சாதனம்தான் என்பதை ஏற்க என்ன தயக்கம்?

படகு இழுக்க டிராக்டர் என்பது நம் கரைக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் ஆர்.என்.எல்.ஐ. அமைப்பு, 1920-இல் ஹன்ஸ்டன்டன் கடற்கரையில் டிராக்டரால் மீட்புப் படகை இறக்கிச் சோதித்தது. அதற்கு முன் குதிரைகளும் ஊராரும்தான் இழுத்தார்கள். பின்னாளில் அந்த வேலைக்கென்றே தண்ணீர் புகாதபடி அடைத்த டிராக்டர்கள் அங்கே வந்தன. நம் மீனவருக்கு அவ்வளவு விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. 50 எச்.பி.க்கு உட்பட்ட சாதாரண வண்டி, அகலமான டயர், உறுதியான சீல், உயரத்தில் பொருத்திய ஸ்டார்ட்டர், துருப்பிடிக்காத பூச்சு. இதை ஒரு மாடலாகச் செய்துதரச் சென்னையிலேயே டிராக்டர் தொழில் இருக்கிறது. வரைபடம் போடுவதற்கு முன் அந்தப் பொறியாளர்கள் ஒரு காலைப்பொழுது இந்தக் கரைக்கு வந்து, டிரைவர்களிடம் கேட்க வேண்டும். என்ன தேவை என்று வரிசையாகச் சொல்ல அவர்கள் தயாராக இருக்கிறார்கள்.