பதினெட்டு வாரம் சும்மா சாப்பாடு!

நாமக்கல்லில் பதினெட்டடி ஆஞ்சநேயர் தலைக்கு மேல் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். ஊரிலுள்ள கூரையெல்லாம் கோழிகளுக்குப் போய்விட்டதோ என்னவோ! டவுனைத் தாண்டினால் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள். அதையும் தாண்டினால் ரயில் பெட்டி மாதிரி நீள நீளமாகக் கோழிக் கொட்டகைகள். சேலத்திலிருந்து பிரிந்து இது தனி மாவட்டமானது 1997-ல்தான். முட்டை அதற்கு முன்பே ஊருக்குத் தனிப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது.

முட்டை போடுகிற கோழியைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். நான் பார்க்கப் போனது இன்னும் முட்டையே போடாத வெடக்கோழிகளை.

"வாங்க தம்பி. செருப்பை அந்தத் தொட்டி மருந்துத் தண்ணியில நனைச்சுட்டு வாங்க. கோயிலுக்குக் கால் கழுவிட்டுத்தானுங்களே போறோம்?" என்றார் பண்ணைக்காரப் பெரியவர்.

உள்ளே நுழைந்ததும் ஆயிரக்கணக்கான தலைகள் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின. முகூர்த்தம் முடிந்து கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தவன் மாதிரி நெளிந்தேன்.

"இந்த அம்மணிகளுக்குப் பதினாலு வாரமுங்க. முட்டைக்கு வரப் பதினெட்டு, பத்தொம்பது வாரம் ஆகோணும். அதுவரைக்கும் சும்மா சாப்பாடுதான்!"

நான் படித்தது பி.காம். உடனே மனசுக்குள் பேரேடு விரிந்தது. பதினெட்டு வாரத்தில் ஒரு கோழி தின்னும் தீவனம் சுமார் 6 கிலோ. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு... எல்லாம் காசு. வரவுப் பக்கத்தில் ஒரு முட்டைகூடக் கிடையாது!

"ஏனுங்கய்யா, முட்டைக்கோழித் தீவனத்தை இப்பவே போட்டா சீக்கிரம் முட்டைக்கு வராதா?"

பெரியவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"எங்க பங்காளி ஒருத்தரு அப்படித்தானுங்க அவசரப்பட்டாரு. லேயர் தீவனத்துல நூறு கிலோவுக்கு எட்டு, பத்துக் கிலோ கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லுமுங்க. அத்தனையும் முட்டை ஓட்டுக்கு. முட்டையே போடாத கோழி அதை வெச்சு என்னங்க பண்ணும்? கழிச்சுத் தள்ளியே கிட்னி போயிருச்சு. முட்டைக்கு வந்த பொறவு தெனமும் சாவு. அறுத்துப் பார்த்தா ஈரல் மேலெல்லாம் வெள்ளையடிச்சாப்ல இருந்துச்சு. கொட்டகையை வித்துட்டு இப்ப லாரி ஓட்டறாருங்க."

அந்த வெள்ளை சுண்ணாம்பு அல்ல. கெட்டுப்போன கிட்னியால் வெளியேற்ற முடியாமல் தங்கிவிட்ட யூரிக் அமில உப்பு. இந்த ஊரிலேயே 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செத்த கோழியைக் கொண்டு போனால் காரணம் சொல்லிவிடுவார்கள். காரணம் தெரிந்து என்ன செய்ய? கிட்னி திரும்பி வராதே!

சரி, கடைசி நேரத்தில் மாற்றினால்? அதுவும் ஆபத்து. முதல் முட்டைக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே கோழியின் கால் எலும்புக் குழிக்குள் புதிதாக ஒருவகை எலும்பு வளர ஆரம்பிக்கிறது. அதுதான் அதன் சேமிப்புக் கணக்கு. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகும். கோழியோ தூக்கத்தில் இருக்கும். அப்போது இந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். கணக்கில் இருப்பு இல்லையென்றால் பேங்க் மாதிரி செக்கைத் திருப்பி அனுப்ப அதற்குத் தெரியாது. உடம்பைத் தாங்கும் எலும்பையே கரைத்துக் கொடுத்துவிட்டு, ஒருநாள் நிற்க முடியாமல் கூண்டிலேயே படுத்துவிடும்.

அதனால் வளரும்போது தீவனத்தில் கால்சியம் 1 சதவிகிதம் போதும். முட்டைக்கு முந்தைய இரண்டு வாரம் 2 முதல் 2.5 வரை. முட்டை வந்ததும் 3.5 முதல் 4 வரை. சாயங்காலம் கொஞ்சம் கிளிஞ்சல் குருணையும் உண்டு. தூளைவிடக் குருணை இரைப்பையில் தங்கி, ராத்திரி முழுக்க மெல்லக் கரையும்.

எப்போது மாற்றுவது? பெரியவர் காலண்டரை மட்டும் நம்புவதில்லை. வாரா வாரம் நூறு கோழியைத் தராசில் வைக்கிறார். எண்பதாவது சராசரிக்குப் பத்து சதவிகிதம் கூடக்குறைய இருக்க வேண்டும். கொண்டையும் சிவக்க வேண்டும். அதுவரை கொட்டகையில் விளக்கு வெளிச்சத்தைக்கூட நீட்டிப்பதில்லை. வெளிச்சம் கூடினால் உடம்பு தேறுமுன்பே முட்டைக்கு வந்துவிடும். சின்ன உடம்பு முட்டையைத் தள்ளமுடியாமல் முட்டைக்குழாய் வெளியே வந்துவிடுமாம்.

"வயசுக்கு வந்த பிள்ளையா இருந்தாலும் உடம்பு தேறாம கட்டிக் கொடுப்போமுங்களா?" என்றார்.

பக்கத்துக் கொட்டகையில் அன்றுதான் கணக்கு திறந்திருந்தது. வேலைக்காரப் பெண் சின்னதாக ஒரு முட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். பெரியவர் அதைக் காதோரம் வைத்து நகத்தால் தட்டினார். 'டொக்'கென்று கெட்டியான சத்தம்.

"பதினெட்டு வாரச் சோறு வீண் போவலீங்க!"

ஆறு கிலோ தீவனத்துக்கு ஒரு முட்டை. என் பேரேட்டில் அது நஷ்டம்தான். பெரியவரோ லாட்டரி விழுந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.