பன்னிரண்டு சுரங்களும் ஒரு குரலும்

யாப்பை விட்ட பின் கவிதையை எது தாங்குகிறது என்ற வாதம் எமது இலக்கியக் கூட்டங்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அது எழும்போதெல்லாம் எனக்கு ஆர்னோல்ட் ஷோன்பேர்க்கின் நினைவு வரும். 1874இல் வியன்னாவில் பிறந்தவர். ஐரோப்பிய இசையின் பழைய யாப்பை உடைத்தவர்; பின்னர் தாமே புதியதோர் யாப்பை வகுத்தவர். நான் இசை கற்றவனல்லன். தமிழும் கணிதமும் படிப்பிக்கும் கிராமத்து ஆசிரியன். கணிதத்தின் வாசல் வழியாகவே அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

பாட்டு எங்கெங்கு சுற்றினாலும் ஆதார 'ஸ'வுக்குத் திரும்பும்போது வீடு சேர்ந்தது போல மனம் ஆறுகிறது. மேற்கத்திய இசையும் சில நூற்றாண்டுகளாக இவ்வாறு ஒரு தாய்ச்சுரத்தைச் சுற்றியே இயங்கியது. 1908இல் ஷோன்பேர்க் முடித்த, நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இரண்டாவது படைப்பின் இறுதிப் பகுதியில் அந்த வீடு தொலைந்துபோகிறது. ஒரு பெண்குரல் பாட, நிலையான தாய்ச்சுரமின்றி இசை மிதக்கிறது; முடிவில் மட்டும் பழைய வீட்டை ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் அது வியன்னாவில் அரங்கேறியபோது சபையோர் சிரித்தும் கூச்சலிட்டும் குழப்பினர். 1913 மார்ச் 31இல் அவர் நடத்திய கச்சேரியிலோ, மாணவர் அல்பன் பேர்க்கின் பாடல்களின்போது கைகலப்பே மூண்டது. பொலிஸ் வந்தது, கச்சேரி பாதியில் நின்றது.

ஆனால் கூச்சலை விடப் பெரிய சிக்கல் இசைக்குள்ளேயே இருந்தது. திரும்பி வர வீடு இல்லாதபோது நீண்ட பயணத்தை எப்படி அமைப்பது? 1911இல் அவர் எழுதிய ஆறு சிறிய பியானோத் துண்டுகளும் சேர்ந்தே ஆறு நிமிடமளவில் முடிந்துவிடும். நீளமாக எழுதவேண்டுமானால் ஒரு கவிதையின் சொற்களைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 1916க்குப் பின் சில ஆண்டுகள் பெரிய படைப்பு எதனையும் அவர் முடிக்கவில்லை.

அந்த மௌனத்திலிருந்து பிறந்ததே பன்னிரு சுர முறை. ஹார்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குள் வெள்ளையும் கறுப்புமாகப் பன்னிரண்டு கட்டைகள் உள்ளன. அவை பன்னிரண்டையும் ஒவ்வொரு முறை மட்டும் வருமாறு ஒரு வரிசையில் நிறுத்த வேண்டும். எதற்கும் தனி அதிகாரம் இல்லை. அந்த வரிசையைப் பின்னிருந்து வாசிக்கலாம். ஏற்றத்தை இறக்கமாக்கிக் கவிழ்க்கலாம். கவிழ்த்ததையும் பின்னிருந்து வாசிக்கலாம். இந்த நான்கு வடிவங்களையும் பன்னிரண்டு சுரங்களில் எதிலிருந்தும் தொடங்கலாமாதலால் மொத்தம் 48. தெறிப்பையும் சுழற்சியையும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிற எனக்கு இதில் ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமன்று. முழுவதும் ஒரே வரிசையில் அமைந்த பியானோத் தொகுதியை 1923இல் அவர் முடித்தார்.

கணக்குச் சரி, கண்ணீர் வருமா? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் 'வார்சோவிலிருந்து தப்பியவன்' என்ற ஏழு நிமிடப் படைப்பு.

யூதரான ஷோன்பேர்க், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பேர்லினில் பதவியிழந்து, பாரிஸ் வழியாக அமெரிக்கா சென்றார். 1947இல் லொஸ் ஏஞ்சல்ஸில் இதனை எழுதினார். உயிர் தப்பிய ஒருவன் பேசுகிறான். விடியுமுன் எழுப்பப்பட்ட யூதர்களை நாஸிப் படையினர் அடித்து வீழ்த்துகின்றனர். கொலைக்கு அனுப்ப எத்தனை பேர் என்று எண்ணச் சொல்கின்றனர். எண்ணிக்கை வேகமெடுக்கிறது, தறிகெட்டு ஓடுகிறது. திடீரென அந்த மனிதர்கள் ஒரே குரலில் ஹீப்ரு மொழிப் பிரார்த்தனையைப் பாடத் தொடங்குகின்றனர். இறைவன் ஒருவனே எனச் சாட்சி சொல்லும் அப்பிரார்த்தனையின் பொருள் எமக்கு அந்நியமன்று. அது ஒலிக்கும் மெட்டும் அதே பன்னிரு சுர வரிசைதான்.

அங்கே பழைய தாய்ச்சுரத்துக்கு இசை திரும்பியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அந்த மனிதர்கள் வீடு திரும்பவில்லை. இடிந்த வீட்டை இசையால் கட்டிக் காட்டாமல், எஞ்சிய பன்னிரண்டு கற்களையும் அவர் ஒழுங்காக அடுக்கினார். அந்த ஒழுங்கு இல்லாதிருந்தால் வெறும் அலறலே மிஞ்சியிருக்கும்.

இதன் அரங்கேற்றம் வியன்னாவிலோ நியூயோர்க்கிலோ நடக்கவில்லை. 1948 நவம்பர் 4இல் அமெரிக்காவின் பாலைநிலத்து நகரான அல்புகேர்க்கியில், தொழில்முறைப் பாடகரல்லாத ஊர்மக்கள் பாடினர். முடிந்ததும் சபை உறைந்திருந்தது. முழுவதையும் மறுபடி வாசித்த பின்னரே கரகோஷம் எழுந்தது. கடினமான கலை படித்தவர்க்கு மட்டும் உரியது என்போர் அந்த இரவை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மாணவர் சிலர் தாம் எழுதிய கவிதைகளுடன் என்னிடம் வருவதுண்டு. "சேர், இதுக்கு யாப்புத் தேவையா?" என்று கேட்பார்கள். பழைய யாப்பா, புதிய கட்டா என்று இப்போது நான் தீர்ப்புச் சொல்வதில்லை. நீ சொல்ல வந்தது எது, அது எந்த ஒழுங்கைக் கேட்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன். ஷோன்பேர்க்குக்கு அந்த விடையைக் கண்டுபிடிக்கச் சில ஆண்டு மௌனம் தேவைப்பட்டது. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறேன்.