வானத்திலும் சிக்னல் உண்டு

தண்டவாளமில்லாத வானத்தில் விதி ஏது என்று நானும் எண்ணியதுண்டு. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்காகப் பிரயாகை சென்றுள்ள என் தமக்கை மகன் எனக்கு அதனை விளக்கினான்.

உலக நாடுகள் வானவெளியை ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு வகுப்புகளாகப் பிரித்துள்ளன. ‘ஏ’ வகுப்பில் அனுமதியின்றி எவ்விமானமும் நுழையலாகாது; இடைவெளி காப்பது கட்டுப்பாட்டாளர் கடமை. ‘ஜி’ வகுப்பில் தகவல் மட்டுமே கிடைக்கும், பொறுப்பு விமானியுடையது. எங்கள் ரயில்வேயில் ஒரு பிளாக் செக்ஷனில் ஒரே வண்டி. அங்கோ, ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும் விமானங்களுக்கிடையே குறைந்தது 1,000 அடி.

அவ்விடைவெளி அழிந்த நாள் 1996 நவம்பர் 12. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே, 15,000 அடியில் நிற்கவேண்டிய கஜகஸ்தான் விமானம் கீழிறங்கி, 14,000 அடிக்கு ஏறிவந்த சவூதி விமானத்துடன் மோதியது. 349 பேரும் மாண்டனர். அவர்களுள் பலர் பிழைப்பு நாடிச் சென்ற நம் நாட்டவர். டில்லி ராடார் அன்று உயரத்தைக் காட்டவில்லை. அதன் பின்னரே நம் நாட்டில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று.

சுரங்கம் 2001-இல் மூடியபின் அயலூர்ப் பிழைப்பை நாடும் தங்கவயல் இளைஞர்களே, இத்துறையையும் நோக்குங்கள். கணிதமும் பௌதிகமும் பயின்ற பட்டதாரிக்கு இங்கு இடமுண்டு. கடல்கடந்து செல்லும் நம்மவரின் உயிரைக் காக்கும் பணி அது.